வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. கேட்டால் "ஒன்னுமில்ல" என்கிறார். நம் பக்கத்தில் இதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் திட்டு, அப்புறம் புத்திமதி. பிறகு திருவந்திபுரத்துக்கோ வில்லியனூர் மாதாவுக்கோ ஒரு வேண்டுதல், மந்திரிப்பு, தாயத்து. அதுவும் கேட்காவிட்டால் தெருமுனை டாக்டரிடம் ஒரு சத்து ஊசியும் 'நரம்புத் தளர்ச்சி'க்கு ஒரு டானிக்கும். மனநல மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் மாதக்கணக்கில் போய்விடுகிறது. அந்த மாதங்களைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன். இது பாதிக்கப்பட்டவருக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு. நீங்கள் அண்ணனோ மனைவியோ சித்தியோ ஹாஸ்டல் அறைத்தோழரோ, யாராக இருந்தாலும் சரி.

அவரைக் குணப்படுத்துவது உங்கள் வேலை அல்ல. அவருக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் கிடக்கிற சில்லறை வேலைகளை எடுத்துச் செய்வதுதான் உங்கள் வேலை. ஓபி சீட்டு எடுப்பது, பஸ் ஏற்றிக் கூட்டிப்போவது, மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வைப்பது, உறவுக்காரர் வாயை அடைப்பது. மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து குளிப்பதே பெரிய காரியம். அவரிடம் "போய் டாக்டரப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர் போகமாட்டார். சோம்பேறித்தனமோ பிடிவாதமோ இல்லை, நோயே அப்படித்தான்.

முதல் படி: கவனித்து எழுதி வையுங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் சோகம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் மாறியிருப்பது. இவை தெரிந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் சோகமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் பலரிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும். அம்மாக்களும் அத்தைகளும் மனசைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். "தலைய வலிக்குது, உடம்பெல்லாம் எரியுது, கை கால் அசதி" என்று ஸ்கேன் ஸ்கேனாக எடுப்பார்கள், எல்லாம் நார்மல் என்று வரும். குழந்தை பெற்ற பெண் காரணமில்லாமல் அழுவதையும் பிள்ளையைத் தொடத் தயங்குவதையும் 'பச்ச உடம்பு, சரியாயிடும்' என்று விடாதீர்கள்.

வேறு வகையும் உண்டு. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, சோற்றில் எதையோ கலக்கிறார்கள், டிவியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது ஒன்று. இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் களைப்பே தெரியாமல் ஓடுவது, கடன் வாங்கி இறைப்பது, நிற்காமல் பெரிய பெரிய திட்டம் பேசுவது இன்னொன்று. இந்த இரண்டிலும் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வயதானவர் திடீரென்று ஒரே நாளில் குழம்பிப் பேசினால் அது மனசாக இல்லாமல் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு போன்றதாக இருக்கலாம். அவரை நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

நம் கரைக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். தேவனாம்பட்டினம் மாதிரியான ஊர்களில் வானிலை எச்சரிக்கை வந்தாலே தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வருடம் போய்விட்டதால் பயமும் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில்தான் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்றால் அதையும் எழுதி வையுங்கள்.

எழுதுவது என்றால் ஒரு பழைய நோட்டு போதும். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன மாறியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். மருத்துவர் கேட்கப்போவதும் இதைத்தான். அங்கே போய் நின்றால் பாதி மறந்துவிடும்.

இரண்டாம் படி: பேச ஆரம்பிப்பது

கூடத்தில் நாலு பேர் நடுவில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். முகத்துக்கு நேரே பேசுவதைவிடப் பக்கத்தில் இருந்து பேசுவது எளிது. வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, சாயங்காலம் சில்வர் பீச்சில் நடக்கும்போது, இரவு மொட்டை மாடியில். நீங்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பியுங்கள்:

"கொஞ்ச நாளா நீ சரியா சாப்புடல, நைட்டெல்லாம் லைட் எரியுது, பாத்துக்கிட்டுதான் இருக்கேன். என்னன்னு இப்பவே சொல்லணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சுன்னா நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். நம்மவர்களுக்கு மௌனத்தைத் தாங்க முடியாது. அரை நிமிடம் அமைதியாக இருந்தால் உடனே ஒரு அறிவுரையைப் போட்டு நிரப்பிவிடுவோம். அதை மட்டும் அடக்கினால் பாதி வேலை முடிந்தது. அவர் பேசினால் பதில் தேட வேண்டாம். "ம்", "அப்புறம்?", "ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்பதே போதும்.

"ஒனக்கென்ன கொறச்சல்", "ஊர்ல யாருக்குத்தான் கஷ்டம் இல்ல", "அந்தக் காலத்துல நாங்க படாததா" எல்லாம் வேண்டாம். இன்னொன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும்: "ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்." சரியாகாது. இதைச் சொல்கிற பெரியவர்கள் யாரும் அதற்குப் பின்னால் அந்த வீட்டில் இருந்து பார்ப்பதில்லை. நோயை மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள், புகுந்த வீட்டில் தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள், நோய் திரும்புகிறது, வேறொரு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து அல்லல்படுகிறது. சிகிச்சை எடுத்து நிலையான பிறகு, எதிர்த் தரப்புக்குச் சொல்லிக் கல்யாணம் செய்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். அவசரமும் மறைப்பும்தான் ஆபத்து.

குரல் கேட்கிறது, ஆள் துரத்துகிறது என்பவரிடம் வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அது கேக்கல. ஆனா ஒனக்குக் கேக்குதுன்னா எவ்ளோ பயமா இருக்கும்னு புரியுது" என்று அவருடைய பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கேட்கப் பயப்படுகிற கேள்வி

"இருந்து என்ன பிரயோஜனம்", "நான் இல்லன்னா ஒங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிறாரா? ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்கோ கொடுக்கிறாரா? கடன் கணக்கையும் பத்திரத்தையும் ஒழுங்குபடுத்துகிறாரா? ரொம்ப நாள் கலங்கி இருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டாரா? அப்படியானால் நேரே கேளுங்கள்: "செத்துடலாம்னு எண்ணம் வருதா?" கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறோம். ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். சுற்றி வளைத்து "தப்பா ஒன்னும் நெனைக்கலதானே?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலைத்தான் நாம் வாங்கிக்கொள்கிறோம்.

ஆமாம் என்றால் அலறாதீர்கள். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். "புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?" என்றும் கேட்காதீர்கள், ஏற்கெனவே இருக்கிற குற்ற உணர்ச்சி கூடத்தான் செய்யும். "சொன்னது நல்லதாச்சு. இத ஒன்னா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் அன்றைக்கு அவரைத் தனியாக விடக்கூடாது. அன்றைக்கே மருத்துவமனை.

வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். நெல், முந்திரி, கரும்பு போடுகிற வீடுகளில் மருந்து டப்பா திண்ணையிலேயே கிடக்கும். நம் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொது அறை கட்டி, பூட்டுப் பெட்டிகள் வைத்து ஆய்வு செய்தது. 2013இல் அதன் முடிவு வெளியானது. இதில் உள்ள யோசனை எளிது. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

எதையாவது விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால், ஆள் நன்றாகவே இருப்பது போலத் தெரிந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப்போங்கள். "கேஸ் ஆயிடும்" என்று பயந்து மருத்துவரிடம் பொய் சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. மருத்துவமனையில் போலீசுக்குத் தகவல் போவது நடைமுறை. அதற்குப் பயந்து எதைச் சாப்பிட்டார் என்பதை மறைத்தால் சிகிச்சையே தவறிவிடும்.

பேச ஆள் வேண்டும் என்றால் 14416. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. இவை நோயாளிக்கு மட்டும் அல்ல. "என் தம்பி இப்படிச் சொல்றான், நான் என்ன பண்றது?" என்று நீங்களே கூப்பிடலாம்.

நான்காம் படி: எங்கே போவது, எப்படிப் போவது

கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் என்றால் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரும், கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் முறை வைத்துப் போகும். எந்தக் கிழமை எங்கே என்று தலைமை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கு எது வந்தாலும் ஜிப்மர்தான். நல்ல இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு நாள் வேலை அல்ல. மாதா மாதம் போக வேண்டும். விருத்தாசலத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கூலியை விட்டு, விடியற்காலையில் பஸ் பிடித்து கோரிமேடு போவது நாலாவது மாதம் நின்றுபோகும். ஒரு முறை பெரிய இடத்தில் காட்டிவிட்டு, மாத்திரை நிலையானதும் வீட்டுக்குப் பக்கத்தில் தொடர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். பக்கத்து மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போவது, தூரத்துப் பெரிய மருத்துவமனையைப் பாதியில் விடுவதைவிட மேல்.

முதல் நாள் காலை சீக்கிரம் போய்விடுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனைத் தாள், அந்த நோட்டு, ஒரு பாட்டில் தண்ணீர், இட்லிப் பொட்டலம். புதுப் பதிவு காலையில்தான். வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் உட்காரட்டும். கூட்டத்தைப் பார்த்தாலே அவருக்குப் படபடக்கும் என்றால் வெளியே மரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு, முறை வரும்போது கூப்பிடுங்கள். கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் இளம் மருத்துவர் நீளமாகக் கேட்பார், பிறகு மூத்தவர் பார்ப்பார். அன்றைக்கு அரை நாள் போகும் என்று வைத்துக்கொண்டே போங்கள்.

ஜிப்மரில் வெளிமாநிலத்து மருத்துவர்களும் இருப்பார்கள். "நெஞ்சுக்குள்ள பரபரன்னு இருக்கு", "மனசு கெடந்து தவிக்குது" என்பதெல்லாம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று தோன்றினால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அவர் பேசும்போது குறுக்கே புகுந்து நீங்களே எல்லாம் சொல்லிவிடாதீர்கள். உங்களைத் தனியாகக் கேட்பார்கள், அப்போது சொல்லலாம். தைராய்டு, இரத்தசோகை, பி12 குறைவு இவையும் சோர்வையும் மறதியையும் கொண்டுவரும் என்பதால் சில இரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள்.

வரவே மாட்டேன் என்றால்? 'பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்' என்ற பயம்தான் முக்கால்வாசி. "தூக்கம் வரலைல்ல, அதுக்கு மட்டும் காட்டிட்டு வந்துடலாம்" என்று அவருக்கே தொல்லையாக இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி மருத்துவமனையில் இறக்காதீர்கள். அடுத்த முறை உங்களோடு எங்கும் வரமாட்டார். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய் மருத்துவரிடமோ அங்குள்ள சமூகப் பணியாளரிடமோ பேசலாம். உயிருக்கு ஆபத்து, அவருக்கு முடிவெடுக்கும் நிலை இல்லை என்றால், அவருடைய பிரதிநிதியின் (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், இல்லையென்றால் பார்த்துக்கொள்ளும் உறவினர்) விண்ணப்பத்தின் பேரில், மருத்துவர்கள் பரிசோதித்து 30 நாள் வரை சேர்த்துக்கொள்ள அதே 2017 சட்டத்தில் வழி இருக்கிறது.

கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் பற்றிச் சண்டை போடாதீர்கள். பாட்டி கட்டிய கயிற்றை அறுத்து எறிந்தால் மாத்திரைக்கு இருந்த ஒரே ஆதரவும் போய்விடும். சாமியும் கும்பிடட்டும், மாத்திரையும் போடட்டும். ஒரே ஒரு எல்லை: கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது கிடையாது. தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடும் ஏர்வாடியில், அவர்களை வைத்திருந்த ஒரு இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். இன்று சங்கிலி போடுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

ஐந்தாம் படி: மாத்திரை

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், வாய் வறட்சி, மந்தம் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். "மாத்திர போட்டதுலருந்துதான் மோசமாயிட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்வதும் அந்த வாரத்தில்தான். நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள். படபடப்பு திடீரென்று கூடினால், சாவு பற்றிய பேச்சு அதிகமானால் அன்றைக்கே போங்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். எல்லாமே தூக்க மாத்திரை, எல்லாமே பழகிவிடும் என்பது தவறு. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் மட்டும் பழக்கமாகும். எவ்வளவு நாளைக்கு என்று அவற்றுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனநிலை ஏறி இறங்குவதற்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. கத்திரி வெயிலில் நம் ஊரில் வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கவோ, கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போடவோ கூடாது. கல்யாணமோ குழந்தையோ யோசிக்கும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். அதற்காகத் தானாக நிறுத்துவதும் ஆபத்து.

குடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து பாண்டி எல்லை ஒரு எட்டுதான், அங்கே விலையும் குறைவு. மனசு சரியில்லாதவர் அங்கே போய்ச் சேர்வது எளிது. தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. காத்து கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இந்த நிலையில்தான். கார்த்திகையில் மாலை போடப்போகிறவர் அப்படிப்பட்டவர் என்றால், மாலைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மற்றவர்களும் நீங்களும்

உறவுக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பதை அவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். "ஒடம்பு சரியில்ல, வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கோம்" போதும். நோயின் பெயரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட உங்களுக்கு உரிமை இல்லை.

ஒருவரே எல்லாம் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அந்த ஒருவர் அம்மாவாகவோ மனைவியாகவோதான் இருக்கிறார். மருத்துவமனைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், காசுக்கு ஒருவர் என்று பிரியுங்கள். அவர் அடிக்க வந்தால் வெளியேறுங்கள், அது அவரைக் கைவிடுவது ஆகாது. 112ஐக் கூப்பிடலாம்.

நோய் நீண்டு, வேலைக்குப் போக முடியாத நிலை என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்றிதழ் கிடைத்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், புதுச்சேரியில் சமூக நலத் துறை. சிகிச்சைச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் அங்கே வேலை நடக்கும்.

அவர் தேறி, நன்றாகப் பேசும் ஒரு நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். திரும்ப வரும்போது முதலில் என்ன மாறும், தூக்கமா, பேச்சா, செலவா? அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை? தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே நியமிக்க 2017 சட்டமும் இடம் கொடுக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை மருத்துவமனை நோட்டோடு வைத்துத் தையுங்கள், இன்னொன்றை அவசரத்துக்கு ஓடிவரக்கூடிய ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.